உள்ளே போனால் மருந்து

உக்காரு தாயி, தாராளமா உக்காரு. அந்தப் பை என்னோடதுதான், இந்தா எடுத்து மடியில வச்சுக்கிறேன். யாருக்கும் எடம் போட்டு வைக்கல, சும்மா வச்சிருந்தேன். ஜன்னல் பக்கம் வேணுமா? வேண்டாம்னா சரி. எனக்குக் காத்து இல்லாட்டி தலை சுத்தும்.

கீழ நின்னு நீ போன்ல பேசுனதைக் கேட்டேன். ஒட்டுக் கேக்கல. தேனி பஸ் ஸ்டாண்டுல அம்புட்டு சத்தத்தையும் மீறிப் பேசுனா ஜன்னல்ல இருக்கவளுக்கு விழாமப் போகுமா? இன்சூரன்ஸ்காரங்கிட்டதான சண்டை போட்ட? பல்லுக்குக் கிடையாதுன்னுட்டானா? கண்ணாடிக்கும் கிடையாதாக்கும். நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத, அவன் சரியாத்தான் சொல்லியிருக்கான். பல்லுக்குக் குடுத்தா நாளைக்குப் பல்பொடிக்குக் கேப்பாக. பல்பொடிக்குக் குடுத்தா வேப்பங்குச்சிக்குக் கேப்பாக. எங்கிட்டாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும். கோடு போடுறவளோட கஷ்டம் கோட்டுக்கு அங்கிட்டு நிக்கிறவளுக்குத் தெரியாது.

நான் போட்டவ. போட்டுட்டு வாங்கிக் கட்டிக்கிட்டவ. அதான் சொல்றேன்.

எனக்கு ஊரு போடி. பேரு காமுத்தாய். ஏல ஸ்டோர்ல காய் பொறுக்குறேன். நீ ஏலக்காயைப் பாயசத்துல பாத்திருப்ப, நாங்க மூட்டையில பாக்குறவக. மூட்டையைக் கொட்டுவாக. சொளகுல, அதான் மொறத்துல, அள்ளிப் போட்டுக்கிட்டு வரிசையா உக்காந்துருவோம். நல்ல பச்சை தனி, வெடிப்பு தனி, கறுத்தது தனி. கை பாட்டுக்குப் பொறுக்கும், வாய் பாட்டுக்குப் பேசும். நல்ல காயைத் தேறும்போம், மத்ததைத் தேறாதும்போம். பழகிப் பழகி எங்களுக்கு எல்லாமே அந்த ரெண்டுதான். மாப்பிள்ளை பாத்துட்டு வந்தாலும் தேறும், தேறாது. சாம்பார் வச்சாலும் அதுதான்.

எங்க வரிசைப் பொம்பளைக சேந்து ஒரு சேமிப்பு வச்சிருக்கோம். சனிக்கிழமை சம்பளம் வாங்குன கையோட ஆளுக்குக் கொஞ்சம் போட்டுறணும். வைத்தியத்துக்கு மட்டும். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூடத்துப் பீஸு, எதுக்கும் தொடக்கூடாது. அதை ஆரம்பிச்சது நான்தான். ஏன்னு கேளு. எங்க வரிசையில ரஞ்சிதம்னு ஒருத்தி இருந்தா. கையில காசு வச்சிருந்தா, பாவி, இல்லாதவ இல்ல. நாத்தனா மகளுக்குச் சீரு செய்யணும்னு அம்புட்டையும் அள்ளிக் குடுத்துட்டா. அடுத்த மாசம் மஞ்சக்காமாலையில படுத்தா. ஆஸ்பத்திரிக்குப் போறேன் போறேன்னு நாளைக் கடத்துனா, கடைசில தூக்கிட்டுத்தான் போனோம். அவ சாம்பல் ஆறுறதுக்குள்ள நான் வரிசையில சொன்னேன். வைத்தியக் காசுன்னு ஒன்னு தனியா இருக்கணும், சாமியே வந்து கேட்டாலும் குடுக்கக்கூடாதுன்னு. எல்லாரும் சரின்னாக. நீயே பாத்துக்க அக்கான்னாக.

பாத்துக்கிறதுன்னா லேசா? முதல் சனிக்கிழமையே தனக்கொடி வந்து நிக்கிறா. சத்து மாவு டப்பா வாங்கணும்க்கா, உடம்பு பலவீனமா இருக்குன்னா. ஏண்டி, பலவீனம்னா கம்பங்கஞ்சி குடி, இது வைத்தியமாடின்னேன். டாக்டர் சொன்னாருங்குறா. டாக்டர் சிரிச்ச முகமா இருன்னுகூடத்தான் சொல்லுவாரு, அதுக்கும் காசு குடுக்க முடியுமா? எது வைத்தியம், எது வைத்தியம் இல்லன்னு தெளிவா ஒரு சட்டம் வேணும்னு எனக்கு அப்பத்தான் பட்டுச்சு. ரெண்டு நாள் யோசிச்சேன். காய் பொறுக்கிக்கிட்டே யோசிச்சேன். யோசிச்சு ஒன்னு சொன்னேன் பாரு.

உள்ள போனா மருந்து. வெளிய போட்டா அலங்காரம்.

எப்படி? மாத்திரை உள்ள போகுது, தேறும். ஊசி உள்ள போகுது, தேறும். குளுக்கோஸ் தேறும். மூக்குக்கண்ணாடி வெளிய மாட்டுறது, தேறாது. இடுப்புக்குக் கட்டுற பெல்ட்டு தேறாது. தைலத்துக்கு ஒரு நாள் பூரா சண்டை. தடவுறது வெளியதானன்னு ஒருத்தி சொல்ல, உள்ள எறங்குதுல்லன்னு இன்னொருத்தி சொல்ல, எறங்குறதுனால தேறும்னு தீர்ப்புச் சொன்னேன். பல்செட்டுக்கு இன்னும் பெரிய சண்டை. தனக்கொடிதான் அதுக்கும். வாய்க்குள்ளதானக்கா போகுதுங்குறா. ராத்திரி கழட்டித் தண்ணிக்குள்ள போடுறியே, கழட்டுறதெல்லாம் நகைக் கணக்குடின்னுட்டேன். சத்து மாவு உள்ளதான போகுதுன்னு திருப்பிக் கேட்டா. அது தீனின்னேன். தீனிக்கும் மருந்துக்கும் வித்தியாசம் தெரியாதவளுக்கு என்னத்தச் சொல்ல.

அப்ப லோகமணி எம் பக்கத்துல உக்காந்து, மூஞ்சியை அப்பாவி மாதிரி வச்சுக்கிட்டு கேட்டா. ஏக்கா, பிரசவத்துல எல்லாம் உள்ள இருந்து வெளியல்ல வருது, அது மருந்தா அலங்காரமான்னு. வரிசையே சொளகைக் கீழ வச்சுட்டு சிரிச்சுச்சு. கங்காணி வந்து சத்தம் போடுற அளவுக்குச் சிரிப்பு. பிரசவத்துக்கு உண்டு போங்கடின்னுட்டேன்.

அவதான் லோகமணி. அவளைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்.

இன்னொரு சட்டமும் போட்டேன். காசு வேணும்னா அட்டை காட்டணும். மாத்திரை தின்னுட்டு காலி அட்டையைக் கொண்டாந்து சனிக்கிழமை வரிசைக்கு முன்னால சொளகுல வைக்கணும். டானிக்குன்னா சீசா. ஆஸ்பத்திரின்னா சீட்டு. எல்லாரும் பாக்கணும், பாத்துட்டு எல்லாரும் தேறும்னு சொல்லணும். ஒளிவு மறைவே கிடையாது. ஏன்னா ஒருத்தி காய்ச்சல்னு வாங்கிட்டுப் போயி, தீவாளிக்குப் புதுச் சேலை கட்டிட்டு வந்தா. அவ பேரு வேண்டாம், இப்ப பேரன் பேத்தி எடுத்துட்டா. நான் காவல் இருந்தது அப்படி. ஒரு பொய் சீக்கு உள்ள நுழைய முடியாது. எங்க சேமிப்பைப் பாத்துட்டு அடுத்த ஸ்டோர்காரிக வந்து, நீ எங்களுக்கும் வந்து சட்டம் போட்டுக் குடு ஆத்தான்னு கேட்டாக. எனக்கு எங்க நேரம்.

லோகமணியும் நானும் ஒரே வருசம் வாக்கப்பட்டு வந்தவக. அன்னையில இருந்து பக்கத்துப் பக்கத்துச் சொளகு. அவ புருசன் எஸ்டேட் வேலைக்குக் கேரளாவுக்குப் போனவரு, அங்கிட்டே ஒரு குடும்பம் பாத்துக்கிட்டாரு. ஒத்தையில மகளை வளத்து கெட்டிக் குடுத்தா. வாய் துடுக்கு. ஆனா மனசு தங்கம். அப்படித்தான் நெனச்சிருந்தேன். துவையல் அரைச்சா எனக்குத் தனியா ஒரு உருண்டை கொண்டாருவா, பூண்டு தூக்கலா. என் வீட்டுக்காரர் செத்தப்ப என்கூடப் பதினாறு நாளும் படுத்துக் கெடந்தவ அவதான்.

அவளுக்கு மார்ல ஒரு கட்டி. மொதல்ல எங்கிட்டதான் சொன்னா. வேற யாருகிட்டயும் சொல்லல. கையைப் புடிச்சு வச்சுக் காட்டுனா, இதுதான்க்கான்னு. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஒரு பக்கத்தை எடுத்துட்டாக. கட்டிலுக்குக் கீழ பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டு நான் பாத்தேன். கழுவி விட்டேன், தலை சீவி விட்டேன், இட்லியைப் பிச்சு வாயில வச்சேன். அவ மக பிள்ளைத்தாச்சி, வர முடியல. நான் பாத்தேன். மொகம் சுளிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? சேமிப்புல இருந்து அவ மாத்திரைக்கு, ஊசிக்கு, எல்லாத்துக்கும் குடுத்தோம். அட்டையைக் கொண்டாந்து வச்சா, தேறும்னோம். சட்டப்படி.

பஸ்ஸு கணவாய் ஏறுது பாரு. காது அடைக்குதா? எச்சியை முழுங்கு, சரியாப் போகும்.

திரும்பி வேலைக்கு வந்தா. ஒரு பக்கம் வெறுமையா இருக்குன்னு துணியைச் சுருட்டிப் பந்து மாதிரி வச்சுக்கிட்டு வந்தா. பொம்பளை மனசு, வைக்கட்டும். ஆனா எங்க ஸ்டோர்ல ஒன்னு இருக்கு. சாயங்காலம் வெளிய போறப்ப கேட்டுல ஒரு பொம்பளை நின்னு தடவிச் சோதிப்பா. ஏலம் வெலை அப்படி. ஒரு கைப்பிடி வெளிய போனா ஒரு நாள் சம்பளம். எங்க ஆளுகள்ல சிலது சும்மாவும் இருக்காதுக, ஜாக்கெட்டுக்குள்ள போட்டுட்டுப் போறதும் உண்டு. இல்லன்னு சொல்ல மாட்டேன்.

சோதிக்கிறவ புதுசு. லோகமணியைத் தடவுனா. கையில பந்து தட்டுப்பட்டுச்சு. என்னடி இதுன்னா. துணின்னு லோகமணி சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? சொல்லல. சாக்கு மறைப்புக்குப் பின்னால கூட்டிட்டுப் போயிட்டா. நாங்க வரிசையில நிக்கிறோம். கொஞ்ச நேரத்துல சோதிக்கிறவ முதல்ல வெளிய வந்தா, மூஞ்சி செத்துப் போயி. அப்புறம் லோகமணி வந்தா. அந்தத் துணிப்பந்து கையில இருந்துச்சு. நேரா வீட்டுக்குப் போயிட்டா. நானும் பின்னாலயே போனேன். ஏண்டி, அவளும் வயித்துப்பாட்டுக்குத்தான சோதிக்கிறா, துணின்னு தெரிஞ்சதும் விட்டுட்டால்ல, அதுல என்ன இருக்குன்னு தேத்துனேன். கதவைச் சாத்திக்கிட்டா.

மறுநாள் காய் பொறுக்குறப்ப எங்காதுக்கிட்ட வந்து சொல்றா. அதுக்குன்னே ஒன்னு விக்கிதாம். மதுரையில. மெத்துனு இருக்குமாம், தொட்டாலும் வித்தியாசம் தெரியாதாம். டாக்டரம்மாவே எழுதிக் குடுத்திருக்காம். வெலைதான் தாங்காதாம். அக்கா, சேமிப்புல இருந்து குடுப்பியான்னா.

நான் என்ன சொல்லணும், நீயே சொல்லு. மாட்டேன்னா சொன்னேன்? சனிக்கிழமை வரிசையில கேளுன்னேன். வரிசையில எப்படிக்கா கேப்பேன்னா. எல்லாரும் அப்படித்தானடி கேக்குறாக, உனக்கு மட்டும் தனிச் சட்டமான்னேன். நீயே யாருக்கும் தெரியாம குடேன்க்கான்னா. அங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. அம்புட்டு வருசமா நான் காவல் காத்த காசை, தோழிக்காகப் பின்வாசல்ல குடுத்தேன்னு ஒரு பேச்சு வந்தா? நாளைக்கு தனக்கொடி கேக்க மாட்டாளா? மாட்டேன்னுட்டேன். வரிசையில வையின்னேன்.

சனிக்கிழமை வந்துச்சு. இவ வாயைத் தொறக்கல. ஒவ்வொருத்தியும் அட்டையை வச்சுட்டுப் போறா, இவ குனிஞ்ச தலை நிமிரல. சரி, கூச்சப்படுறா, நாமதான உதவணும்னு நானே எடுத்து வச்சேன். அவ நல்லதுக்குத்தான் வச்சேன், கேட்டுக்க. இந்தா பாருங்கடி, லோகமணி மாருக்கு வச்சுக்கிறதுக்கு ஒன்னு கேக்கா, அது உள்ள போறதா வெளிய போடுறதா, நீங்களே சொல்லுங்கன்னேன்.

ஒரு சின்னப் பொண்ணு, வேலைக்குச் சேந்து ஒரு மாசம் ஆகல, குபுக்குனு சிரிச்சுப்புட்டா. மத்தவளுக யாரும் சிரிக்கல. ஆனா ஒருத்தியும் உள்ள போறதுன்னு சொல்லல. எப்படிச் சொல்லுவாக? வெளிய போடுறதுதான அது. லோகமணி, டாக்டரம்மா எழுதுன சீட்டு இருக்குல்ல, அதைச் சொளகுல வையி, பாப்போம்னேன். அந்தச் சீட்டைக் காட்டியிருந்தா நான் மாத்தியிருப்பேன் தாயி. சத்தியமா மாத்தியிருப்பேன். அவ எடுக்கல. இடுப்புச் சுருக்குப் பையில இருந்துச்சு, எனக்குத் தெரியும், கை அதுமேலதான் இருந்துச்சு. எடுக்கல.

தேறாதுன்னுட்டேன். வேற என்ன சொல்ல?

அவ பாட்டுக்குப் பொறுக்கிக்கிட்டே இருந்தா. அன்னைக்கு அவ சொளகுல பச்சையும் வெடிப்பும் கறுத்ததும் ஒன்னாக் கலந்து கெடந்துச்சு. கங்காணி பாத்தா கூலியில கை வச்சுருவாருன்னு, அவ எந்திரிச்சுப் போனதும் நான்தான் உக்காந்து பிரிச்சு வச்சேன். பாத்தியா, அப்பவும் நான்தான்.

அதுக்கு அப்புறம் பேசாம இல்ல, பேசுவா. சொளகை நகட்டு, தண்ணி குடு, மழை வருது, அம்புட்டுதான். துவையல் வரல. நானும் கேக்கல. பூண்டு வெலை கூடிப் போச்சோ என்னமோன்னு நெனச்சுக்கிட்டேன்.

இப்ப எங்க ஊரு வழக்கம் ஒன்னு சொல்றேன். பொங்கல் கழிஞ்சு மொத வேலை நாள்ல, சேமிப்பைப் பாத்துக்கிறவ தொடரலாமா வேண்டாமான்னு கேப்போம். ஒரு செம்பு இருக்கும், துணி போட்டு வாயை மூடியிருக்கும். ஆளுக்கு ஒரு ஏலக்காயைக் கைக்குள்ள மூடிக் கொண்டாந்து துணிக்கு அடியில விட்டுறணும். பச்சைக் காய் விட்டா இவளே இருக்கட்டும்னு அர்த்தம். வெடிப்புக் காய் விட்டா வேண்டாம்னு அர்த்தம். யாரு எதைப் போட்டான்னு யாருக்கும் தெரியாது. எனக்கு வருசா வருசம் பச்சைதான். ஒன்னு ரெண்டு வெடிப்பு கெடக்கும், அது தனக்கொடி, அதுக்கெல்லாம் நான் கவலைப்படுறதில்ல.

இந்தத் தடவை லோகமணி முறை வந்துச்சு. எந்திரிச்சா. கையை மூடல. உள்ளங்கையை விரிச்சு, அதுல ஒரு வெடிப்புக் காயை வச்சுக்கிட்டு, எம் முன்னால வந்து நின்னா. என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனா. நல்லாப் பாருங்குற மாதிரி. அப்புறம் வரிசையில இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒவ்வொருத்திக்கும் காட்டிக்கிட்டே போனா. காட்டி முடிச்சுட்டு, செம்பு வாயில இருந்த துணியை எடுத்துக் கீழ போட்டுட்டு, காயை உள்ள போட்டா. டங்குனு சத்தம் கேட்டுச்சு எனக்கு. ஒரு காய்க்கு என்ன சத்தம் இருக்கும், ஆனா கேட்டுச்சு.

அவளுக்குப் பின்னால வந்தவளுக எல்லாம் கையை விரிச்சுக்கிட்டே வந்தாளுக.

செம்பைக் கவுத்துக் கொட்டுனப்ப சொளகு பூரா வெடிப்பு. ஒளிச்சுப் போட்டிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். எவளோ ஒருத்தி போட்டான்னு அவ பக்கத்துலயே உக்காந்து அழுதிருப்பேன். இப்படி ஊர் பாக்கக் காட்டிட்டா போடுவா? கட்டிலுக்குக் கீழ படுத்தவளுக்கு இதுதான் கூலியா? கூடப் பெறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா. பகையாளி செஞ்சா தாங்கிக்கலாம் தாயி, எனக்குத் துவையல் கொண்டாந்தவ செஞ்சா எங்கிட்டுப் போய்ச் சொல்றது? அன்னையில இருந்து அவகூட நான் ஒரு வார்த்தை பேசல. பக்கத்துப் பக்கத்துச் சொளகுதான் இன்னும். பேசல.

சேமிப்பை அவளையே பாத்துக்கச் சொல்லிட்டாளுக. வந்ததும் முதல் வேலையா என்ன செஞ்சா தெரியுமா? அட்டை வேண்டாம், வாயால சொன்னாப் போதும்னுட்டா. தங்கிட்ட வந்து காதுல சொன்னாலும் சரின்னுட்டா. உள்ள வெளிய எல்லாம் போச்சு. இனிமே இந்தச் சேமிப்பு மூழ்கிரும்னு நான் சொன்னேன். இன்னும் மூழ்கல. மூழ்கும், பாத்துக்கிட்டே இரு. தனக்கொடி பல்செட்டு வாங்கிட்டா. டீக்கு வெளிய வந்தா என் முன்னால நின்னு முறுக்கைக் கடிக்கிறா, கடக்கு கடக்குன்னு, வேணும்னே.

சரி, லோகமணி தனக்கு அதை வாங்கிக்கிட்டாளான்னு கேளு. அதான் இல்ல. கேக்கவே இல்ல அவ. யாரும் தடுக்க ஆளில்ல, அவ கையிலதான் எல்லாம் இருக்கு, கேக்கல. இன்னமும் அந்தத் துணிப்பந்துதான். கேட்டுக்கு வரப்ப, முன்னால நாலு பேரு நிக்கும்போதே உள்ள இருந்து எடுத்துக் கையில புடிச்சுக்கிறா. எலுமிச்சம்பழம் புடிக்கிற மாதிரி. சோதிக்கிறவ அவளைத் தொடுறதே இல்ல, தலையைக் குனிஞ்சுக்கிட்டு போ போங்குறா. வெக்கங்கெட்டவ. அன்னைக்கு வரிசையில அந்தச் சீட்டைக் காட்ட மட்டும் வெக்கமா இருந்துச்சாம்.

அவ கேட்டா இப்ப நானே தேறும்னு சொல்லுவேன். அவதான் கேக்க மாட்டேங்குறாளே.

இப்ப நான் மதுரைக்கு ஏன் போறேன்னா, எனக்கு ஒரு ஆபரேஷன். வயித்துல. ரொம்ப நாளாவே இருந்துச்சு, நான் யாருகிட்டயும் மூச்சு விடல. குத்த வச்சு உக்காந்தா தாங்காது. சாக்கை மடிச்சுப் போட்டு உக்காந்தேன், அப்புறம் ரெண்டு சாக்கு, அப்புறம் ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்தேன். தும்முனாக்கூட பயம். மூட்டைப் பக்கமே போறதில்ல. நர்ஸம்மா பாத்துட்டு இதுக்கு மாத்திரை கிடையாது, இனி தாங்காது, ஆபரேஷன்தான்னுச்சு. நான் பேசாம வந்துட்டேன். சேமிப்புல போயி எப்படிக் கேக்குறது? மாத்திரை இல்லாத சீக்குக்கு அட்டை கிடையாது, ஆஸ்பத்திரிச் சீட்டைத்தான் வைக்கணும். இப்ப எதையும் கேக்க மாட்டாகதான், ஆனா நான் போட்ட சட்டம் எனக்கு இருக்குல்ல. அதுபோக, அம்புட்டுப் பேரு முன்னால வாயைத் தொறந்து எதைன்னு சொல்றது? அது சொல்லக்கூடிய சீக்கா? செத்தாலும் பரவாயில்லன்னு இருந்துட்டேன். ரஞ்சிதம் ஞாபகம் வரும். வந்தாலும் இருந்துட்டேன்.

போன சனிக்கிழமை, எல்லாரும் காசு போட்டு முடிச்சாக. லோகமணி சொளகைப் பாத்துக்கிட்டே சொல்றா. காமுத்தாயக்கா மதுரைக்குப் போகணும், ஆஸ்பத்திரிச் செலவு இருக்கு. தேறும். அம்புட்டுதான் சொன்னா. வரிசையில எல்லாரும் தேறும், தேறும்னாளுக. தனக்கொடிகூட. அடுத்தது யாருன்னு போயிட்டாளுக.

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சு போச்சு. நான் கேட்டேனா இவகிட்ட? இவளுக்கு எப்படித் தெரியும்குற? பக்கத்துல உக்காந்திருக்கவளுக்கு நான் எத்தனை சாக்குப் போடுறேன்னு தெரியாதா? தெரிஞ்சுக்கிட்டா, சரி. தெரிஞ்சவ என்ன செய்யணும்? என்ன செய்யுது, எங்க வலிக்குது, என்னன்னு சொன்னாகன்னு ஒரு வார்த்தை கேக்கணுமா இல்லையா? வரிசையில ஒருத்தியாவது கேக்கணுமா இல்லையா? கேட்டா நான் சொல்ல மாட்டேன், அது வேற. ஆனா கேக்கணும்ல. அம்புட்டு அலட்சியம். என் சீக்குக்கு அம்புட்டுதான் மரியாதை. நான்னா கேட்டிருப்பேன். துருவித் துருவிக் கேட்டிருப்பேன்.

ஆபரேஷன் முடிஞ்சு வயித்துல பெல்ட்டு கட்டணுமாம். வெளிய கட்டுற பெல்ட்டு. அதுவும் சேத்துத்தான்னு சொல்லி அனுப்பிருக்கா.

கூட யாரு வாராகளா? மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான், லீவு இல்லன்னுட்டான். மருமகளுக்குக் கைப்பிள்ளை. அந்தா, முன்னாடி பாரு, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு, அரக்குக் கலர் சேலை. தலையில பூ வைக்காம, ஒல்லியா. திரும்பாத, அவளுக்குத் தெரிஞ்சிரும். அதான் அவ. அதான் லோகமணி.

நான் வரச் சொல்லல. காலையில பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறா, ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு. பின்னாலயே ஏறுனா. எம் பக்கத்துல உக்காரத்தான் வந்தா. நான் பையைத் தூக்கி சீட்டுல வச்சேன். பையைப் பாத்தா, என்னைப் பாத்தா, முன்னால போயிட்டா. ரெண்டு பேருக்கும் டிக்கெட்டு அவதான் எடுத்தா. கண்டக்டர் எங்கிட்ட வரவே இல்ல. இந்த சீட்டுல நான் உக்காந்திருக்கேன்ல, அடியில பாரு, தலகாணி. அவ குடுத்து விட்டதுதான், கண்டக்டர்கிட்ட. பஞ்சுத் தலகாணி, புதுசு. பஸ்ஸு குலுங்குறப்ப கொஞ்சம் இதமா இருக்கு. அதுக்காக எல்லாம் சரியாப் போச்சுன்னு அர்த்தமா?

இம்புட்டு நேரம் உங்கிட்ட ஏன் இப்படிச் சத்தமாப் பேசுறேன்னு நெனச்ச? அவளுக்குக் கேக்கட்டும்னுதான். கேட்டிருக்கும். ஒரு தடவைகூடத் திரும்பல பாத்தியா. கல்லு.

உசிலம்பட்டி வந்துருச்சு. நீ எறங்கணும்ல? எடுத்துக்க எல்லாத்தையும், குடையை விட்டுறாத.

என்னது? வயித்துலன்னா என்ன ஆபரேஷனா?

ஏம்மா, படிச்ச பிள்ளைதான நீ? ஒரு பொம்பளைகிட்ட, அதுவும் பஸ்ஸுல நாலு பேரு இருக்கையில, இப்படியா வாயைத் தொறந்து கேப்பாக? சொல்லக்கூடியதா இருந்தா நானே சொல்லியிருக்க மாட்டேனா? கட்டியா, கர்ப்பப்பையா, எங்க எறங்கிருக்குன்னு இங்கன விரிச்சு வச்சுக் காட்டட்டுமா உனக்கு? இதெல்லாம் கேக்கக்கூடாதுன்னு ஒரு இது வேண்டாம்? உனக்கு நான் யாரு? பக்கத்துச் சொளகுல ஒரு ஆயுசு உக்காந்தவ, அவளே கேக்கல.

அவளே கேக்கல தாயி.

எறங்கு, எறங்கு, கண்டக்டர் விசில் குடுக்கப் போறான். நான் ஒன்னும் கோவமா இல்ல, பாத்துப் போ.

பையா? வேண்டாம், சீட்டுல வைக்காத. எம் மடியிலயே இருக்கட்டும்.